மகேந்திரண்ணைக்கு எந்தச் சொக்லேட்?

மகேந்திரண்ணை போய்விட்டார்.

போன கிழமை, அச்சுவேலியில், அவருடைய வீட்டில். மத்தியானம் படுத்தவரைத் தேநீருக்கு எழுப்பப் போனால் எழும்பவில்லையாம்.

செத்தவீட்டுக்குப் போய் வந்தேன். முகநூலில் எழுதும் எண்ணம் இருக்கவில்லை. இன்று காலை அவருடைய மனைவி சாந்தியக்கா போன் எடுத்தார். அதிலிருந்து ஒரே குழப்பம்...

தெரியாதவர்களுக்கு: கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் லாப் ஒன்றில் அண்ணையும் நானும் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் எனக்கு சீனியர்.

நாளைக்கு எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைக்க வேண்டும்.

"நண்டுக்குச் சொல்லியாச்சு பிள்ளை. கத்தரிக்காய் பொரிப்பன். உந்தச் சொக்லேட்தான் தெரியேல்லை. எதை வைக்கிறது?"

"கறுப்பு அக்கா. டார்க் சொக்லேட்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"கறுப்போ? ஆருக்கு?"

யாருக்கு என்றால்...

எங்கள் லாப்பில் தேநீர் மேசையில் எப்போதும் ஒரு சொக்லேட் பெட்டி கிடக்கும். யாராவது ஒருவரின் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தபடியே இருக்கும் அல்லவா. பால் சொக்லேட் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கறுப்பு அப்படியே கிடக்கும்.

"என்ன, கசாயத்தை உறைய வைச்சு அனுப்பியிருக்கினமோ?" என்று யாராவது முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்தக் கறுப்பு முழுக்க அண்ணைக்கு. முதலில் உறையைத் திருப்பி எந்த நாட்டுக் கொக்கோ என்று பார்ப்பார். பிறகு என் காதுக்குக் கிட்ட வைத்து 'டக்' என்று முறிப்பார். எங்கள் வெயிலில் கிடந்து வெள்ளை பூத்திருந்தால் 'டக்' என்று முறியாது, உதிரும். அன்றைக்கு முழுக்க அவருக்கு முகம் சரியிராது.

"கடியாதையும் தங்கச்சி. நாக்கில வையும். அது தானாக் கரையட்டும்."

"கைக்குது அண்ணை."

"கைக்கும்தான். கொஞ்சம் பொறும், பிறகு வேற ஒண்டு வரும்."

மடகஸ்கார் என்றால் நாரத்தைப் புளி. கானா என்றால் வறுத்த கச்சான் கடலை. பப்புவா நியூகினி என்றால் புகை... அங்கே மழை விடாததால் கொக்கோ விதையை விறகு நெருப்பில் உலர்த்துவார்களாம்.

"புகையிலைக்குப் புகை போடுற எங்கடை குடில் மாதிரித்தான். ஐயா குடிலுக்குள்ளயிருந்து வெளியில வந்தா உந்த மணம்தான்."

ஐயா என்றது அவருடைய அப்பாவை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. உறையை வாசித்துவிட்டு எவரும் எதையும் சொல்லலாம். அதை அவரிடமே சொன்னேன்.

"அப்ப டெஸ்ட் பண்ணும். லாப்தானே."

தண்ணீர் மாதிரிகளுக்கு ஒட்டுவதுபோல ஏ, பி, சி என்று லேபிள் ஒட்டி மூன்று துண்டு கொடுத்தேன். கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் ஆறுதலாகக் கரைத்து, மூன்று நாட்டின் பெயரையும் சொன்னார்.

மூன்றும் பிழை.

லாப் முழுக்கச் சிரித்தது. அண்ணை அசையவில்லை. "நான் சரி. உறை அடிச்சவன்தான் மாறி அடிச்சுப்போட்டான்."

சில நாள் கழித்து ஒன்றும் சொல்லாமல், உறையில்லாத துண்டு ஒன்றை அவருடைய தேநீர்த் தட்டில் வைத்தேன். பப்புவா நியூகினி. வாயில் போட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கனநேரத்துக்குப் பிறகு "ஐயா" என்றார். அவ்வளவுதான்.

மூன்று பிழை, ஒன்று சரி. இந்த டேட்டாவை வைத்து ஒரு முடிவும் எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் அவரை டெஸ்ட் பண்ணவில்லை.

இதையெல்லாம் சாந்தியக்காவிடம் எப்படிச் சொல்வது? "அண்ணைக்குத்தான் அக்கா, லாப்பில கறுப்புத்தான் தின்னுறவர்" என்று மட்டும் சொன்னேன்.

"அந்தக் கைச்சலை அவர் வீட்டில வாயிலயும் வைக்கேல்லை பிள்ளை. தங்கச்சிக்காரி கனடாவில இருந்து கொண்டுவாற பால் சொக்லேட்டைத் தேத்தண்ணிக்குள்ள தோய்ச்செல்லோ தின்னுறவர். சுகர் ஏறுதெண்டு நான் ஒளிச்சு வைக்கிறனான். கள்ளன், தேடி எடுத்துப்போடுவார்."

தேநீருக்குள் தோய்த்தா? மகேந்திரண்ணையா?

"பிறகேன் அக்கா என்னைக் கேக்கிறியள்?"

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"நேற்று அலுமாரியை ஒதுக்கினனான். உடுப்புக்கு அடியில கறுப்புச் சொக்லேட். பாதி முறிச்சுத் திண்டிருக்கு. இத்தனை வருசம் சமைச்சுப் போட்டனான், எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நீர் அவரோட வேலை செய்தனீர்... உமக்குத் தெரியுமெண்டுதான்."

எனக்குப் படையலில் நம்பிக்கை இல்லை. இறந்தவர் வந்து சாப்பிடுவார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் பிழையானதைச் சொல்லிவிடக்கூடாது என்றிருந்தது.

சுகருக்குப் பயந்துதான் எங்களோடு கறுப்பைச் சாப்பிட்டாரா? இல்லை, மற்றவர்கள் தொடாதது வீணாகக்கூடாது என்றா? இரண்டும் பிடித்திருந்தால் வீட்டில் ஏன் சொல்லவில்லை? எதுவும் பொருந்தவில்லை.

"ரெண்டையும் வையுங்கோவன் அக்கா."

"விசர்க்கதை கதையாதையும். ரெண்டையும் வைச்சா, இவளுக்கு என்ர விருப்பம் தெரியாதெண்டெல்லோ அவர் நினைப்பார்."



"பால் சொக்லேட்டை வையுங்கோ அக்கா" என்றேன். "வீட்டில திண்டதுதான் அவருக்கு விருப்பம். லாப்பில நாங்கள் சும்மா பகிடிக்குச் செய்தது."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தெளிந்து, நண்டு விலை, ஆட்கள் வரும் நேரம் எல்லாம் கதைத்தார்.

பகிடிக்குச் செய்தது என்று சொல்லிவிட்டேன். அப்படித்தானா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.

நாளைக்கு வருவேன் அண்ணை. இலையில் பிழையானது இருந்தால் அக்காவோடு கோபிக்காதேங்கோ. சொன்னது நான்தான்.

போயிட்டு வாங்கோ.