கண்ட இடத்துக்குப் போகும் பார்சல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் கடை. அங்கே அப்பாவுக்கும் எனக்கும் வேலை. நான் கொம்பியூட்டரில் ஊர்ப்பெயரை அடித்து லேபிள் எடுப்பேன். அப்பா அதை வாசித்து எந்தப் பொதி எந்த பஸ்ஸுக்கு என்று பிரிப்பார். பள்ளிக்கூடம் போகாதவர். பஸ் பலகைகளைப் பார்த்தே தமிழ் எழுத்துக் கூட்டப் பழகியவர். குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவன் நான். ஆகவே பிழையும் என் பக்கமிருந்துதான் வந்தது.

கடைக்குப் புதிய லேபிள் மென்பொருளை நானே பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதினேன். அதாவது, யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் திருத்தமும் அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருந்த ஒரு நிரல் தொகுப்பை எடுத்து, மேலே என் பெயரைப் போட்டேன். முதல் நாளே அப்பா ஒரு பொதியோடு வந்து நின்றார்.

"தம்பி, 'கண்ட'ன்னு போட்டிருக்கே. கண்ட கண்ட எடத்துல எறக்கிடச் சொல்லவா?"

கண்டி 'கண்ட' ஆகியிருந்தது. கம்பளை, 'கம்பள'. சொல்லின் கடைசியில் கிடக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளைத் துடைக்கவேண்டிய தொகுப்பு, நம் எழுத்தின் கொக்கியையும் கொம்பையும் சேர்த்துத் துடைத்திருந்தது. கலகெதரவும் அலவத்துகொடவும் அவை இல்லாமல் முடிவதால் தப்பின.

முதலாளி அதிகம் பேசவில்லை. "மகன், திங்கக்கிழமைக்குள்ள சரி வரல்லண்டா தமிழ் வாணாம். இங்கிலீஷ்ல மட்டும் அடிங்க. பிரிக்கிறதுக்கு இங்கிலீஷ் வாசிக்கிற ஆள் ஒண்டு பாப்பம்."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டேதான் பொதி அடுக்கினார்.

செவ்வாய்க்கிழமையே திருத்தத்தை எழுதிவிட்டேன். மூன்று வரி. என் மடிக்கணினியில் கண்டி கண்டியாகவே வந்தது. படித்தவன் அதோடு நிறுத்துவானா? தொகுப்பின் பொறுப்பாளர்களுக்கு அதை அனுப்பி, பாடசாலையில் படித்த விண்ணப்பக் கடித முறைப்படி 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இங்கிலீஷில் தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று முடித்தேன். அரை நிமிடத்தில் நன்றி வந்தது. உருகிப்போய், ஐயாவின் குடும்பத்தாருக்கும் நலம் வேண்டி எழுதினேன். அந்த ஐயா, தானாகவே பதில் போடும் ஒரு தானியங்கி.

புதன்கிழமை பொறுப்பாளர்களில் ஒரு நிஜ மனிதர் பதில் எழுதினார். இந்தக் குறிகள் வெறும் அலங்காரமா, எடுத்துவிட்டால் பொருள் மாறுமா என்று கேட்டார். அப்பாவின் 'கண்ட கண்ட எடம்' கேள்வியை மொழிபெயர்த்து அனுப்பினேன். விளங்கிவிட்டது என்றார், இதைச் சோதித்துப் பார்க்கும் நிரலையும் எழுதச் சொன்னார். எழுதினேன். வெள்ளிக்கிழமை, இன்னொருவரின் ஒப்புதலும் வேண்டும் என்றார். சனிக்கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் முதலாளி கேட்டார். "என்ன மகன், சரியா?"

"திருத்தியாச்சு முதலாளி. அவங்க ஏத்துக்கணும்."

"ஒங்கட மெஷின்ல சரியா வருதா?"

"செவ்வாக்கெழமையே வந்துருச்சு."

"அப்ப அத இங்க போடுறதுக்கு என்ன? வெள்ளக்காரன்ட சைனும் வேணுமா?"

யாரும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்று தொகுப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பூட்டாத கதவுக்கு முன்னால் ஐந்து நாள் விண்ணப்பத்தோடு நின்றிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழிலிருந்து அடையாள அட்டை வரை யாரோ ஒருவரின் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்த குடும்பம் எங்களுடையது. படிப்பு எனக்கு அதையே இங்கிலீஷில் செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தது.

உடனே போட்டேன். பத்து நிமிட வேலை. அந்த ஒப்புதல் வர மேலும் மூன்று வாரம் ஆனது. முதலில் வாழ்த்தியவர் தானியங்கி ஐயாதான்.

முதலாளி கெடு வைத்த அந்தத் திங்கட்கிழமை அப்பா முதல் லேபிளை எழுத்துக் கூட்டினார். "கண்... டி. ம்."

"போன கெழம 'கண்ட'ன்னு வந்ததெல்லாம் என்னப்பா ஆச்சு?" என்றேன், பயந்துகொண்டே.

"கண்டிக்குத்தான் ஏத்தி விட்டேன். ஒன் மெஷினுக்குத் தெரியலன்னா எனக்குமா தெரியாது?"

முதலாளி கதிரையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷ் பேச்சை எடுக்கவில்லை.