சரிவில் உடைத்த பூசணிக்காய்

இருட்டிய பிறகு நூல் மில்லுக்குள் யாரோ கழுத்து நெரிபட்டதுபோல் கிறீச்சென்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். அது நூல் கோன் ஏற்றிய தள்ளுவண்டி, பயப்பட வேண்டியவள் அதைத் தள்ளுகிறவள்தான். பாளையம்பட்டிப் பக்கத்து மில்லில் அது நான். வீட்டில் எட்டு மாத மகள். இடுப்பு பிடித்துக்கொண்டால் அவளை யார் தூக்குவது என்ற பயத்தோடுதான் தினமும் வண்டியில் கை வைக்கிறேன். லோடு தள்ளிப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எக்ஸ்கியூஸ் மீ

முதல் நாள் கோன்கள் என் தலைக்கு மேல் நின்றன. எதிரே யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கியபடி, “எக்ஸ்கியூஸ் மீ, ப்ளீஸ்” என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். வண்டி கூட வேலை பார்க்கும் முத்துமாரி அக்காவின் முழங்காலில் போய் இடித்தது. காலைத் தடவிக்கொண்டே அக்கா சொன்னது: “ஏ கான்வென்ட்டு, மொதல்ல ரெண்டு வரிசைய எறக்கு, என் மொகம் தெரியும். பெறகு மன்னிப்புக் கேளு.”

சக்கரத்துக்கு மரியாதை

சக்கரத்துக்கு கிரீஸ் போடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் மூன்று தடவை கேட்டேன். ஆயுத பூஜை வந்தது. நாலு சக்கரத்துக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டார். மறுநாள் சந்தனம் காய்ந்து, மாலை நார் அச்சில் சுற்றி, வண்டி அசைய மறுத்தது. தள்ள முடியாமல் பின்னால் சாய்ந்து இழுத்தேன். இடுப்பில் சுளீரென்றது. அன்று மகளைக் குனிந்து தூக்க முடியவில்லை. மாமியார் எடுத்து மடியில் போட்டார்கள். சூப்பர்வைசர் சொன்னது: “பொட்டும் பூவுமா வண்டி எம்புட்டு லட்சணமா இருக்கு, அதப் போயி கொற சொல்றியே தாயி!”

கண்ணு பட்டிருக்கு

குடோனுக்குப் போக முன்வாசல் வழி சமதளம், ஆனால் சுற்று. பின்கதவு குறுக்குவழி, ஆனால் சரிவு. அதை மூடிவிடுங்கள் என்றேன், யார் கேட்டது? ஒரு சாயங்காலம் சரிவில் வண்டி என் கையை மீறி ஓடிச் சுவரில் மோதியது. கால்விரல் தப்பியது பெரிது. சூப்பர்வைசர் பூசணிக்காயைச் சுற்றி, சரிவின் உச்சியிலேயே உடைத்தார். இனிப் பயமில்லை என்று காட்ட, தானே முன்னால் நின்று லோடு வண்டியை இழுத்துக்கொண்டு இறங்கினார். பூசணிச் சதையில் செருப்பு வழுக்க, உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய் ஓரமாக உருண்டார். வண்டி அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டியது. முத்துமாரி அக்கா சொன்னது: “சார், திருஷ்டி இருந்துச்சோ என்னமோ, பூசணிக்கா நெசமாவே இருந்துச்சு!”

என் இடுப்புக்கு நடக்காதது அவர் இடுப்பு பிடித்ததும் நடந்தது: சக்கரத்தில் கிரீஸ் ஏறியது, வண்டிக்கு இரண்டு பேர் வந்தார்கள், சரிவுக்குப் போகும் அந்தக் கதவை அவரே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.