பலாமரத்துக்குக் கொடுத்த வாக்கு

கண்டியில் ஒரு பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தாவரத்துக்கு மூளையில்லை, நரம்பில்லை, ஆகவே அதற்கு எதுவும் தெரியாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள். அப்படிப்பட்டவள்தான், கடுகண்ணாவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காய்க்காமல் நின்ற பலாமரத்தின் முன்னால் அந்தக் கூத்தை ஆடினேன். காய்க்காத மரத்தை ஒருவர் மிரட்ட, இன்னொருவர் அதற்காகக் கெஞ்சுவது எங்கள் ஆட்களின் வழக்கம். என் கணவர் கத்தியை ஓங்கி, "இனியும் காய்க்கலன்னா வெட்டிப் போட்டுருவேன்" என்று மரத்தை மிரட்டினார். நான் அவர் கையைப் பிடித்து, "வேணாங்க, விட்டுருங்க. அடுத்த வருஷம் கட்டாயம் காய்க்கும், காய்ச்சா வெட்ட மாட்டோம்" என்று கெஞ்சினேன். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கியது. தற்செயல் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் ஒரு சுளையைக் கூட நான் வாயில் வைக்கவில்லை. கேட்டுத்தான் காய்த்தது என்றால், பயந்துதானே காய்த்திருக்கும்?

இந்த வருஷ மழையில் மண் சரிந்து, மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. வெட்டியே ஆக வேண்டும், பலாமரம் வெட்டத் தேவையான அரசாங்க அனுமதியும் கிடைத்துவிட்டது. நேற்றுக் காலை குசினியில் தேநீர் குடித்தபடி கணவர், "புதன்கிழமை ஆளுங்க வர்றாங்க, வெட்டிரலாம்" என்றார், அவருடைய வழக்கமான உரத்த குரலில். ஜன்னலுக்கு வெளியே மரம் பிஞ்சும் காயுமாக நின்றது.

"மெதுவாப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.