இடி இடித்தால் போகிற நெட்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் சாமான்களோடுதான் சண்டை போடுவேன். அந்த ஐப்பசியில் நான் அதிகம் சண்டை போட்டது எங்கள் மாடி அறை ஜன்னலில் இருந்த வெள்ளை வைஃபை பெட்டியோடு. பெட்டியில் பச்சை விளக்கு எரியும். போனில் கோடுகள் அத்தனையும் நிறைந்திருக்கும். கரண்டும் இருக்கும். நெட் மட்டும் இருக்காது. 'இணைப்பு உள்ளது, இணையம் இல்லை' என்று போன் சொல்லும். இலை போட்டாயிற்று, சோறு கிடையாது என்கிற மாதிரி இது என்ன பேச்சு?

வலியசாலையில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். வாடகையிலேயே நெட்டும் அடக்கம் என்று சொல்லித்தான் வீட்டைக் கொடுத்தார். சாலைக் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதிவந்த பலசரக்குக் கடையை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை ஒன்றுக்கு மனுப் போட்டு, கடைசி இன்டர்வியூ வரைக்கும் வந்திருந்தேன். இதுவும் கிடைக்காவிட்டால் பேசாமல் நாகர்கோவிலுக்கே போய்விடலாம் என்று கணவர் சொல்லியிருந்தார். எனக்குப் போக இஷ்டமில்லை. மாமியார் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. அதனால் அந்த வேலை எனக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும்.

இன்டர்வியூ மதியம் மூன்று மணிக்கு. நெட் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முதலில் மழைத்தண்ணீர் வயருக்குள் இறங்குகிறது என்று முடிவுகட்டி, ஜன்னலுக்கு வெளியே வயர் போகிற இடத்தில் பால் கவரைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் ஒரு சொட்டு மழை இல்லை. கிழக்கே மலைப்பக்கம் எங்கோ உறுமியது, அவ்வளவுதான். நெட் போய்விட்டது. புகார் சொல்லக் கீழே இறங்கினால், அதற்குள் வானம் வெளுத்து, நெட்டும் திரும்பியிருக்கும். "எங்காத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்லையே, நன்னாத்தானே கெடக்கு" என்பார் மாமி. எனக்கு மண்டை காய்ந்தது.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடை நம்பருக்குப் போன் செய்தேன். "ரேஞ்சு ஃபுல் ஆணல்லோ சேச்சி? பின்னெ கேட்வே ஒந்நு நோக்கு" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார் கடைக்காரர். சிக்னல் முழுசாக இருக்கிறதாம், கேட்வேயைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கேட்வே எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பது? தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வீட்டிலிருக்கிற கருவி எதுவானாலும் வெளியுலகுக்குப் போக ஒரு வாசல் வேண்டும், அந்த வாசல்தான் கேட்வே. என் போனுக்கு வாசல் என் பெட்டி. சரி. பெட்டியின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் கேட்வே என்று வேறொரு எண் இருந்தது. வாசலுக்கு எதற்கு இன்னொரு வாசல்? லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

இன்டர்வியூ நாள் வந்தது. தலை வாரி, நல்ல புடவை உடுத்தி, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். உறுமல் கேட்டது. நெட் போனது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மொபைல் டேட்டாவோ அந்த அறையில் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. என்ன செய்வதென்று தெரியாமல் வயரைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அது தெருக்கம்பத்துக்குப் போகிறது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். போகவில்லை. மழைத்தண்ணீர்க் குழாயை ஒட்டிக் கீழே இறங்கி, மாமி வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது.

தடதடவென்று இறங்கி ஓடினேன். கூடத்தில் இன்னொரு பெட்டி. அதில் ஒரு விளக்குகூட இல்லை. அதன் பிளக் மாமியின் கையில் இருந்தது.

"எதுக்கு மாமி பிடுங்குனிய? இப்பம் எனக்கு இன்டர்வியூ!"

"இடி இடிக்கறதே, காதுல விழலையா? போன ஐப்பசியில இப்படித்தான் பெட்டி கரிஞ்சு போச்சு, கேட்டயா. புதுசு வர்ற வரைக்கும் பொண்ணு மொகத்தப் பாக்க முடியல. இப்போ அவ பிள்ளையாண்டிருக்கா. தெனமும் சாயங்காலம் வீடியோல வந்தாத்தான் நேக்கு ராத்திரி சாதம் எறங்கும்."

மகள் வெளிநாட்டில் இருப்பது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. மாமியும் மாடிக்கு வேறு லைன் வருகிறது என்றே நினைத்திருந்தாராம். மகள் ஆள் வைத்துக் கூடத்துப் பெட்டியிலிருந்து மாடிக்கு வயர் இழுத்த ஏற்பாடு இது; என் பெட்டிக்கு வாசல் இந்தப் பெட்டி. மாமி என் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு பிளக்கைத் திரும்பச் செருகினார்.

"போ, போய் உக்காரு."

இன்டர்வியூ நன்றாகவே போயிற்று. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னலெல்லாம் வெளுத்தது. கூடவே காது அடைக்கிற சத்தம். எதிரே இருந்தவரின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. என் பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே மாமியின் பெட்டி கருகி நாறியது. நான் சொன்ன பதில் அவர்களுக்குக் கேட்டதா இல்லையா, பாதியிலேயே எழுந்து போனவள் என்று நினைத்துக்கொண்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. மாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

அன்று சாயங்காலம் என் போனை எடுத்துக்கொண்டு கீழே போனேன். தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தபோது நாலு கோடு வந்தது. மதியமே இது தோன்றியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஹாட்ஸ்பாட் போட்டு மாமியின் டேப்லெட்டை அதில் இணைத்தேன். மகளின் முகம் வந்தது.

"இது எங்கேர்ந்துடி வரது?"

"என் போன்லேர்ந்து மாமி. இப்பம் இதுதான் வாசல்."

"அப்போ உன் போனுக்கு வாசல் எங்கே?"

எனக்குத் தெரியவில்லை. மாமிக்கும் அதன் பிறகு சந்தேகம் தீரவில்லை. பேச்சு முடிகிறவரை அந்தப் போனை யாரும் தொடக் கூடாது, தொட்டால் அறுந்துபோகும் என்று கட்டளை போட்டார். அறாது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. புதுப் பெட்டி வருகிறவரை தினமும் சாயங்காலம் என் போன் அந்த ஜன்னலில்தான் இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம். மகள் கேமராவைச் சற்றுக் கீழே இறக்கி, மேடிட்ட வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். மாமி டேப்லெட்டை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு சிரித்தார். ஜன்னலில் என் போன் மினுக்கியது. இன்டர்வியூ எடுத்த கம்பெனியிலிருந்து மெயில். என் பெயரும் அதன் பின்னால் 'தங்கள் விண்ணப்பம் குறித்து' என்பதும் மட்டும் தெரிந்தன. மீதியைப் படிக்கப் போனைத் தொட வேண்டும். கை தானாகவே நீண்டது. வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாமி பேசி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.