மருந்து லாசரும் ஒரு கல்தொட்டியும்

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குத் தகவல் வந்தது. வசந்தி அப்போது பட்டினப்பாக்கத்தில் தன் மீன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் அஸ்வினி பேசினாள். "அப்பா போயிட்டாரும்மா" என்று மட்டும் சொன்னாள். வசந்தி கையிலிருந்த மீனை வெட்டி முடித்து, காத்திருந்த பெண்ணின் பையில் போட்டாள். மிச்ச மீன்களை ஈரச் சாக்கால் மூடினாள். பிறகுதான் எழுந்தாள்.

அவள் கணவர் லாசர் முந்தின நாள் மாலை மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். வயது ஐம்பது.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு ஏறினால் வாந்தி. "மீனுக்குத் தீனி போடத்தான் இவன் வர்றான்" என்று அப்பாவின் கூட்டாளிகள் சிரிப்பார்கள். இருபத்தைந்து வயதில் பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். காக்கிச் சட்டை, முதுகில் டேங்க். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று பத்தொன்பது வருடம் வீடு வீடாக மருந்து அடித்தார். மருந்து லாசர் என்ற பெயர் அப்போது வந்தது. மருந்தை விட்ட பிறகும் பெயர் விடவில்லை.

அவர் மருந்தை விட்டது மந்தைவெளியில் ஒரு வீட்டால். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிதம்பரநாதனும் அவர் மனைவி சுந்தரவல்லியும் இருக்கும் வீடு. பின்பக்கம் ஒரு கல்தொட்டி. அதில் அல்லியும், கொசுப்புழு தின்பதற்காக விட்ட கப்பி மீன்களும் இருந்தன. மருந்து அடிக்கும்முன் தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூட வேண்டும் என்பது கம்பெனி விதி. ஷீட் தெருமுனையில் நின்ற வண்டியில் இருந்தது. அன்றைக்கு அது நான்காவது வீடு. காற்று வேறு பக்கம் அடிக்கிறது என்று நினைத்து, லாசர் சுவரோரமாக அடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சுந்தரவல்லி போன் செய்து வரவழைத்தார். செய்தித்தாளில் மீன்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தார்.

"எண்ணிக்கோ. பதினாலு."

"காத்து அந்தாண்ட அடிச்சிதும்மா..."

"காத்து மேல பழியைப் போடாதே. அவர் காபி டம்ளரோட வந்து பார்த்துட்டு, கடைக்குக்கூடப் போகாம உள்ளே படுத்துட்டார். மீன்காரங்க வீட்டுப் பிள்ளைன்னு நீதானே பெருமையா சொன்னே?"

லாசர் குனிந்து மீன்களை எண்ணினார்.

"இனிமே இந்தக் கேட்டைத் தாண்டாதே" என்றார் சுந்தரவல்லி.

அன்று சாயங்காலம் லாசர் மருந்து டப்பாவோடு வந்த தாளைப் பிரித்துப் படித்தார். மீன்களுக்கு மிகுந்த நஞ்சு, நீர்நிலைகளில் கலக்கவிடக் கூடாது என்று பொடி எழுத்தில் தமிழிலேயே போட்டிருந்தது.

"பத்தொம்போது வருஷம் முதுகுல சொமந்துக்கினு போனேன். ஒரு நாளு படிக்கல" என்றார் வசந்தியிடம்.

"இப்பத்தான் படிச்சிட்டியே. அதுக்கு இன்னா இப்போ?"

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து நின்றுகொண்டார். தனியாகவே வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். போனதும் எதையும் தெளிக்க மாட்டார். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, சமையலறையில் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பார். கரப்பான் எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறது, எறும்பு எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டு, சொட்டும் குழாயை இறுக்குவார். ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைப்பார். கழிவுநீர்த் துவாரத்துக்கு வலை போடுவார். அதற்கும் அடங்காத கரப்பானுக்கு கோதுமை மாவில் சர்க்கரையும் போரிக் பவுடரும் பிசைந்து, குழந்தை கை எட்டாத சந்துகளில் வைப்பார்.

"இது நேச்சுரல்தானே, விஷமே இல்லையே?" என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "இதுவும் விஷம்தாம்மா. கொறைஞ்ச விஷம். வேப்பெண்ணெய்கூட மீனுக்கு ஆவாது" என்பார். இதனால் சில வீடுகள் கைவிட்டுப் போயின.

"ஊரே பூச்சியைக் கொல்லுது. நீ மட்டும் அதுங்களாண்ட பஞ்சாயத்து பண்ணிக்கினு கீறே" என்பாள் வசந்தி.

"பஞ்சாயத்துல ஒருத்தரும் சாவறதில்லயே" என்பார்.

மந்தைவெளிப் பக்கம் வேலைக்குப் போனால் அந்தத் தெரு வழியாகத்தான் வருவார். கேட் திறக்க வேண்டும், அந்தத் தொட்டியில் தன் கையாலேயே மீன் விட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டிருந்தது. வசந்தியிடம் மட்டும் சொல்லியிருந்தார். "நாலு மீனை வாங்கி செவுத்துக்கு மேலேருந்து வீசிட்டு ஓடியாந்துடு" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

ஆறு வருடம் ஆனது. இந்த வருடம் மாசியில் பக்கத்து வீட்டு மாடித் தோட்டத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சுந்தரவல்லி கீழேயிருந்து கூப்பிட்டார்.

"ஏம்ப்பா லாசரு, செம்பருத்தி பூராவும் மாவுப்பூச்சி. வந்து பாரேன்."

லாசர் இறங்கிப்போய்த் தெருவிலேயே நின்றார்.

"உள்ளே வா."

"கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிக்கீறீங்களேம்மா."

"சொன்னேன். இப்போ தாண்டு."

உள்ளே பதினொரு தொட்டிகளில் செம்பருத்தி. கிளைகளில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி. லாசர் பூச்சியைப் பார்க்காமல் தண்டின் அடியைப் பார்த்தார். எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாவுப்பூச்சியிடம் கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். அதைத் தின்ன வரும் வண்டுகளையும் விரட்டிவிடும். ஒவ்வொரு தண்டிலும் விளக்கெண்ணெய் தடவிய துணிப் பட்டை ஒன்றைக் கட்டினார். கிளைகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஈரம் தொட்டுத் தேய்த்தார். தேறாத கிளைகளை வெட்டினார். எண்ணெய் காய்ந்த பட்டைகளை மாற்றுவதற்கு வாரம் இரண்டு தரம் வந்தார். மூன்றாவது வாரம் புது மொட்டுகளில் வெள்ளை இல்லை.

கல்தொட்டி வறண்டு கிடந்தது. உள்ளே உடைந்த பூந்தொட்டிச் சில்லுகள். அவர் முதல் நாளிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டார்.

"தொட்டில மீன் வுடட்டுமாம்மா?"

சுந்தரவல்லி நாற்காலியில் இருந்த கணவரைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"கேட்டை சாத்தினவளும் நீ, திறந்தவளும் நீ. தொட்டிக்கு மட்டும் என்னைக் கேக்கறியாக்கும்" என்றார் சிதம்பரநாதன். பிறகு லாசரிடம் திரும்பினார். "எத்தனை விடுவே?"

"மொதல்ல நாலு விடுவோம் சார். அதுங்க நெலைச்சா மேல பார்த்துக்கலாம்."

"செத்துப்போச்சுன்னா?"

"செத்துப்போச்சுன்னா நீங்க கூப்புட வேணாம் சார். நானே வந்து நிப்பேன்."

"சரி, விடு" என்றார் சிதம்பரநாதன்.

செவ்வாய்க்கிழமை லாசர் சில்லுகளை அள்ளிவிட்டு, சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். முக்கால் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் நிரப்பினார். அதில் உள்ள குளோரின் போக இரண்டு நாள் திறந்து கிடக்கட்டும், வியாழக்கிழமை மீன் கொண்டுவருகிறேன் என்று சொன்னார். புதன்கிழமை வேறொரு வீட்டு வேலைக்கு வந்தவர், போகிற வழியில் எட்டிப்பார்த்து, தண்ணீரில் விழுந்திருந்த இரண்டு இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம் நடந்தது. சுந்தரவல்லியும் சிதம்பரநாதனும் ஆட்டோவில் வந்திருந்தார்கள். வசந்தியிடம் தங்கள் பெயரையும் தெருவையும் சொன்னார்கள். "தெரியும்" என்றாள் அவள்.

தொட்டியில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. மீன் இன்னும் விடவில்லை.