அப்பா ஒழுக்குப் பார்த்த கோடை

நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிவந்த அடுத்த கோடையில் அப்பாவுக்கு ஒரு கரவன் கிடைத்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்கிற சக்கர வீடு. அவருடன் டாக்ஸி ஓட்டிய நோர்வேக்காரர் ஒருவர், வளவில் சும்மா நிற்கிறது, கொண்டுபோனால் போதும் என்று கொடுத்துவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அப்பாவும் பார்க்காமல்தான் இழுத்து வந்தார். முதல் மழைக்கே கூரை ஒழுகி, உள்ளே இருந்த மெத்தை ஊறிப்போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கோடையில் நாங்கள் கரவனில் ஹம்மர்பெஸ்ட் போவதாக இருந்தது. அப்பா அகதியாக வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த, நாட்டின் வடகோடி ஊர். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி, விடுமுறைக்கு எங்கே போனோம் என்று சொல்ல வேண்டும். முந்தைய வருடம் நான் "மோர்டென்ஸ்ருட், பெரியம்மா வீடு" என்று சொன்னவள். சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பு அது. அதற்கு அப்பால் என்னை யாரும் கூட்டிப் போனதில்லை. இந்த முறை ஹம்மர்பெஸ்ட் என்று சொல்வதற்காக நான் என்ன வேலையும் செய்யத் தயாராக இருந்தேன். ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றார்.

"ஒழுக்கு நிண்டால்தான் நான் ஏறுவன்."

ஒழுக்குப் பிடிப்பது லேசான வேலையில்லை. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, கூரைக்குள் இருக்கிற மரச்சட்டத்தோடு ஊர்ந்துபோய், சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டிய இடத்துக்கு நேர் மேலே அப்பா பசை பூசினார். அடுத்த மழைக்கும் அது பழைய இடத்திலேயே சொட்டியது. கூரைச் சாளரத்தைச் சுற்றிப் பூசினார், அதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு வழி வகுத்தார். ஒருவர் ஏணியில் நின்று, கூரையின் ஒரு பகுதிக்கு மட்டும் குழாயால் தண்ணீர் விட வேண்டும். மற்றவர் உள்ளே மல்லாந்து படுத்து, எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஏணியில் நான், உள்ளே அப்பா.

"நான் சொல்லுமட்டும் நிப்பாட்டாதை, பிள்ளை" என்றுவிட்டுப் போவார். பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார். "அப்பா, ஃபெர்டிக்கா?" என்று, முடிந்துவிட்டதா என்பதை எங்கள் வீட்டுத் தமிழில் கத்திக் கேட்பேன். பதில் வராது. எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கை கடுக்கக் கடுக்க விட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்பா இரவு முழுக்க டாக்ஸி ஓட்டிவிட்டு விடிந்துதான் வருவார். நித்திரை கொள்ள வேண்டிய பகலில் கைத்தொலைபேசி அடிக்கும். யாருக்கு நோர்வேஜியனில் கடிதம் வந்தாலும், யாருடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சிக்கல் என்றாலும், அப்பாதான் கேட்டுச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர் என்று பேரெடுப்பது லீவே இல்லாத இன்னொரு வேலை. முடியாது என்று சொல்லவும் அவருக்கு வராது. கரவனுக்குப் போகும்போது மட்டும், தண்ணீர் பட்டுவிடும் என்று தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அது அடித்தால் அம்மா எடுத்து, "அவர் ஒழுக்குப் பாக்கிறார்" என்பார். அந்தக் குரலில் அப்பா, கரவன், அதைக் கொடுத்த மனிதர் மூன்று பேரும் சேர்ந்தே ஏச்சு வாங்குவார்கள்.

மஞ்சள் யோசனையைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தேத்தண்ணி குடிக்க வருகிற நேரங்களில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

"மஞ்சளைக் குழைச்சு ஒரு இடத்திலை மட்டும் பூசிப்போட்டுத் தண்ணி விடுங்கோ, அத்தான். உள்ளுக்கு மஞ்சளாச் சொட்டினால் ஓட்டை அந்த இடத்திலைதான்."

"யாழ்ப்பாணத்திலை இருந்து வந்த மஞ்சள்! கறிக்கே நான் நுள்ளி நுள்ளிப் போடுறன்" என்றார் அம்மா. அம்மாவின் வாய்க்கும் கைக்கும் எப்போதும் தொடர்பிருந்ததில்லை. ஏசிக்கொண்டே ஒரு கிண்ணம் நிறையக் குழைத்துக் கொடுத்தார்.

ஒரு நாளைக்கு ஓரிடமாகப் பூசிக்கொண்டு வந்தோம். பின்பக்க மூலையில், கூரைத் தகரமும் சுவரும் சேருகிற விளிம்பில் பூசிய அன்று, அப்பா டாக்ஸி ஓட்டிய வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் உள்ளே போய்ப் படுத்தார். நான் தண்ணீர் விட்டேன். கூரைத் தகரத்தில் அது சளசளவென்று விழுந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அம்மா தொலைபேசியோடு முற்றத்துக்கு வந்து, கரவனின் கதவைத் திறந்தார். நானும் குழாயோடு இறங்கி அவருடைய கைக்குக் கீழால் எட்டிப் பார்த்தேன்.

அப்பா வாயைத் திறந்தபடி நித்திரை. சட்டையின் நெஞ்சில் அப்பளமளவு மஞ்சள். நான் பார்க்க இன்னொரு சொட்டு அவருடைய நாடியில் விழுந்தது. அவர் அசையவில்லை. ஆனால் கூரையில் மிச்சத் தண்ணீரும் வடிந்து சத்தம் நின்றதும் புருவத்தைச் சுருக்கி ஒரு பக்கம் புரண்டார்.

ஓட்டை பிடிபட்டுவிட்டது! ஹம்மர்பெஸ்ட்! நான் கத்த வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துவந்து, ஏணியைத் தூக்கிக் கரவனின் முன்பக்கம் சாத்தினார்.

"இதிலை விடு."

"அங்கை மஞ்சள் பூசேல்லை, அம்மா. ஓட்டை பின்னுக்கு."

"விடு எண்டால் விடு. நிப்பாட்டாதை."

தொலைபேசி மறுபடி அடித்தது. அம்மா வேலியோரம் போய் நின்று மெதுவாகக் கதைத்தார். "இல்லை அண்ணை, இப்ப ஏலாது. அவர் ஒழுக்குப் பாக்கிறார்." ஏச்சே இல்லாமல் அவர் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

எழும்பிய அப்பா சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். மறுநாள் அவர் கிண்ணத்தை எடுத்துப்போய் முன்பக்கம் மஞ்சள் பூசினார். அதற்கடுத்த நாள் பக்கவாட்டில். இரண்டு பேருக்கும் மூளை பிசகிவிட்டது என்று நான் ஏணியில் நின்று அழுதேன்.

பள்ளிக்கூடம் திறக்கச் சற்று முன்னால்தான் அப்பா பின்மூலை விளிம்பைக் கழற்றி, காய்ந்து வெடித்த பழைய பசையைச் சுரண்டி, புதிதாக வைத்துத் திருகாணிகளை முறுக்கினார். ஒரு காலை வேலை. ஒழுக்கு நின்றது. ஹம்மர்பெஸ்ட்டுக்குத்தான் நாட்கள் இருக்கவில்லை.

வகுப்பில் என் முறை வந்தது. எங்கும் போகவில்லை, அப்பா ஒழுக்குப் பார்த்தார் என்றேன். கோடை முழுக்கவா என்று ஆசிரியை கேட்டார். இல்லை, ஓட்டை முன்னமே பிடிபட்டது, அம்மாதான் ஒழுகாத பக்கத்துக்குத் தண்ணீர் விடச் சொன்னார் என்றேன். ஏன் என்று கேட்டார். அம்மாவுக்கு ஒழுக்குப் பிடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.