நீராவிக்குள் தெரிந்த முகம்

சூடேறிய பிளாஸ்டிக்கும் லேசான பூஞ்சையும் கலந்த ஒரு வாடை வாடகை வீடியோ கேசட்டுகளுக்கென்றே இருந்தது. "டெக்"கின் வாய்க்குள் கேசட்டைத் தள்ளியதும் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வரும், பிறகு திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் ஓடும், அதற்குள் அந்த வாடை அறை முழுவதும் பரவியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் ஆவடியில், படைத்துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு, இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகிறது. காரணம் ஒரே ஒரு படம்.

படத்தின் பெயர் வேண்டாம். மூடிக்கிடக்கும் ஒரு ரைஸ்மில், அங்கே நெல் அவிக்கும் தொட்டியில் விழுந்து செத்துப்போன ஒரு கூலிக்காரப் பெண், கொதிகலனில் நெருப்பு மூட்டும்போதெல்லாம் நீராவியோடு எழுந்து வரும் அவள் ஆவி என்று சொன்னாலே, என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். கொட்டகையில் அது ஒரு வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை. கேசட்டாக வந்த பிறகுதான் ஊர் ஊராகப் பேய் பிடித்தது. கொட்டகைக்கும் கேசட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அந்த ஆவியின் முகம் படத்தில் ஒரே ஒரு தடவைதான் தெரியும், அதுவும் நீராவிக்கு நடுவே, கண் சிமிட்டும் நேரம். கொட்டகையில் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. டெக்கில் "பாஸ்" என்ற பொத்தான் இருந்தது.

என் அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் பிறந்தது கோவில்பதாகையில், அடுத்தவர் வயலில் நடவுக்குப் போன குடும்பத்தில். எதையும் நம்பாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியாது. பால்காரன் எதிரிலேயே பாலை ஒரு சொட்டுத் தரையில் விட்டுப் பார்ப்பாள். டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கி வந்து, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். "உங்கம்மாவ எங்க ஃபேக்டரி கேட்ல நிறுத்தினா ஒரு ஆணிகூட வெளிய போவாது" என்பார் அப்பா.

எங்கள் பிளாக்கில் கலர் டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அந்தப் பொங்கல் லீவில் பிளாக்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மார்க்கெட் கடையிலிருந்து டெக்கையும் அந்தக் கேசட்டையும் வரவழைத்தார்கள். மேல்வீட்டுப் புஷ்பத்தக்கா, திருநெல்வேலிக்காரி, டெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீராவிக்குள் அந்த முகம் திரும்பிய நொடியில் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"ஏ, எல்லாரும் இங்க பாருங்க. இது நம்ம கஸ்தூரில்லா?"

நின்ற படம் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கோடு கண்ணை அறுத்துக்கொண்டு போயிற்று. மூக்கும் வாயும் கரைந்து ஒன்றாகிக் கிடந்தன. அம்மா எழுந்துபோய்த் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"அவளேதான்," என்றாள். "கழுத்தப் பாரு. கொடம் தூக்கினு வர்றப்போ இப்டித்தான் சாய்ப்பா."

கஸ்தூரி அக்கா எங்களுக்கு எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. புருஷன் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர், ஆரணிப் பக்கத்துக்காரர். மகள் அனிதா என் வகுப்பு. கஸ்தூரி அக்கா அன்றைக்குப் படம் பார்க்க வரவில்லை. "எனக்குப் பேய்ப்படம்னா பயம்க்கா" என்று சொல்லியிருந்தாள். அதுவே முதல் சாட்சியமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அவளுடைய அப்பா கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனிகளுக்குத் துணி தைப்பவர் என்று அவளே ஒருநாள் சொல்லியிருக்கிறாள். முடி முழங்கால் வரைக்கும் தொங்கும். ஆயுத பூஜைக்கு எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்தபோது, குழந்தை அழுகிறது என்று யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஏன் நகர்ந்தாள்?

எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, அவள் பேய். பெரியவர்களுக்கு அவள் "சினிமாக்காரி". இரண்டில் எது மோசம் என்று அப்போது எனக்குத் தெரியாது. "வேசம் கட்டுனவ, இங்க வந்து குடும்பப் பொம்பள கணக்கா இருக்கா பாத்தியளா" என்று புஷ்பத்தக்கா குழாயடியில் சொல்வாள், கஸ்தூரி அக்கா குடத்தோடு வந்ததும் பேச்சு அறுந்துவிடும், குழாய்ச் சத்தம் மட்டும் கேட்கும். அனிதாவோடு விளையாட ஆள் குறைந்துகொண்டே போயிற்று. நான் மட்டும் திருட்டுத்தனமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தபோது கஸ்தூரி அக்கா இட்லிப் பானையைத் திறந்தாள். குப்பென்று எழுந்த ஆவியில் அவள் முகம் மறைந்தது. அது கலைந்து முகம் மறுபடி தெரிவதற்குள் நான் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அனிதாதான் பிறகு செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

கோடை லீவில் ஆரணியிலிருந்து கஸ்தூரி அக்காவின் நாத்தனார் வந்தார். தம்பி வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பதுவரை அவர் சொன்னதுதான் சட்டம். அவர் வந்த மறுநாளே, அந்தக் கேசட்டை மறுபடி எடுக்கலாம் என்று புஷ்பத்தக்கா ஆரம்பித்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நாத்தனார் எதிரில் அந்த முகத்தை நிறுத்திக் காட்டத்தான் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. அம்மாவே எதிர்வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டாள்.

"மத்யானந்தானே கஸ்தூரி, வந்துட்டுப் போ. உன் நாத்தனாரும் பொழுதுபோவாம கீறாங்க பாரு."

கஸ்தூரி அக்கா வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து நாத்தனார், "படமா? இரு, புடவை மாத்திக்கிட்டு வரேன்" என்றார்.

ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டு, வீடு வெந்துகொண்டிருந்த அந்த மத்தியானத்தில், டிவியைப் பார்த்தவர் நாத்தனார் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் கஸ்தூரி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா டிவிக்குப் பக்கவாட்டில், அவள் முகம் நேராகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி அக்கா முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வெற்றிலையை மென்றபடி, "ஐயோ பாவம், யாரு பெத்த பொண்ணோ" என்று கூலிக்காரப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டார். கொதிகலனில் நெருப்பு மூண்டது. புஷ்பத்தக்காவின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அப்போதுதான் அனிதா, பயத்திலோ வேறு எதிலோ, தன் அம்மாவின் கையைப் பிடித்து எடுத்துத் தன் கண்களை மூடிக்கொண்டாள்.

என் அம்மா சட்டென்று எழுந்தாள். "டீ போடறேன்" என்று உள்ளே போனாள்.

திரை இருண்டது. மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நடை தெரியும். அம்மா எம்பி நின்று சுவரிலிருந்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"கரண்டு போயிடுச்சா? அந்தப் பொண்ணு வர்ற நேரத்துல! எப்ப வரும்?" என்றார் நாத்தனார்.

"இன்னிக்கு லைன்ல வேல. பொழுது சாயறவரிக்கும் வராது" என்றாள் அம்மா.

"பக்கத்து வீட்ல ரேடியோ பாடுதே?" என்றாள் புஷ்பத்தக்கா.

"அது பேட்டரி ரேடியோ."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பத்தக்கா வெடுக்கென்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் விசிறிக்கொண்டே கலைந்தார்கள். நாத்தனார் அன்றைக்குச் சாயந்தரமே ஆரணிக்கு பஸ் ஏறிவிட்டார். கேசட் டெக்குக்குள்ளேயே இருக்க, கடைப் பையன் அப்படியே தூக்கிக்கொண்டு போனான்.

அவர் பஸ் ஏறியதும் கஸ்தூரி அக்கா எங்கள் அடுப்படிக்கு வந்தாள். அம்மா டீயை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, அது நான் இல்லக்கா."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"எல்லாரும் பேசிக்கிறது எனக்குத் தெரியும். எங்கப்பா துணி தெச்சாரு, அவ்ளோதான். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. நீங்களாவது நம்புறீங்களாக்கா?"

அம்மா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"வுடு கஸ்தூரி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கஸ்தூரி அக்கா, "சொல்றதுக்கு என்னக்கா இருக்கு?" என்றாள். குடிக்காத டீயை மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. அடுத்த வருஷம் நெமிலிச்சேரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று அப்பா சொன்னார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது அனிதா முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் கையசைத்தேன், அவள் அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவோ இத்தனை வருஷமாகத் தான் ஒருத்தியின் ரகசியத்தைக் காப்பாற்றியதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

போன மாதம் என் மகள் இணையத்தில் ஒரு டிஸ்க் வரவழைத்தாள். இப்போது அந்தப் படத்துக்குத் தனியாக ரசிகர் கூட்டமே இருக்கிறதாம், எங்கோ கிடந்த மூல ஃபிலிமைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்து, அழகான அட்டைப்பெட்டியில் வெளியிட்டிருக்கிறார்கள். கோவில்பதாகையில் எங்களோடு இருக்கும் அம்மா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். நீராவி எழுந்தது. அதன் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிந்தது. முகம் திரும்பியது. நான் நிறுத்தினேன், படம் ஆடாமல் அசையாமல் நின்றது. அகலமான நெற்றி, குழி விழுந்த முகவாய், நாற்பதைத் தாண்டிய, யாரென்றே தெரியாத ஒரு பெண். கஸ்தூரி அக்காவின் சாயல் எள்ளளவும் இல்லை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாத்திட்டானுங்க," என்றாள். "கம்ப்யூட்டர்ல வேற மூஞ்சிய ஒட்டி வெச்சிகீறானுங்க."

"இல்ல ஆயா, இதுதான் ஒரிஜினல். அந்தக் காலத்து ஃபிலிம்லேர்ந்தே எடுத்தது" என்றாள் என் மகள்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். மறுபடி போடச் சொன்னாள், மறுபடி போட்டேன். பிறகு போதும் என்று கையைக் காட்டினாள்.

அந்தக் கேசட்டுகளும் டெக் கடைகளும் எப்போதோ போய்விட்டன. எங்கள் பிளாக்கை இடித்து, அந்த இடத்தில் இப்போது முள்செடி மண்டிக் கிடக்கிறது. புஷ்பத்தக்கா ஊருக்கே திரும்பிப்போய் அங்கேயே காலமாகிவிட்டாள். எதிர்வீடும் குழாயடியும் இருந்த இடத்தை என்னாலேயே அடையாளம் காட்ட முடியாது. நெமிலிச்சேரி மட்டும் அங்கேயேதான் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

"போய் விசாரிச்சுப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா அணைத்துவிட்ட டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயி," என்றாள், "இன்னான்னு சொல்றது?"